தட்டச்சுப் பொறி முறையிலிருந்து தமிழ்99-க்கு: திறன் தேர்வு அனுபவம்

தட்டச்சுத் திறன் தேர்வின் முடிவு சென்ற வாரம் வந்தது; தேர்ச்சி பெற்றுவிட்டேன். கையில் தமிழ்த் தட்டச்சு முதுநிலைச் சான்றிதழ் இருந்தும், 'தமிழ்99 மட்டும்' (கணினிக்கான தமிழ் விசைப்பலகை முறை அது) என்ற அறிவிப்பைக் கண்டு கலங்கி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயிலகத்தில் பாடுபட்டுப் பழக்கிய விரல்களை ஒற்றை வரி செல்லாக்காசாக்கியதே என்ற கசப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை அடுத்து அரசு ஏற்றுக்கொண்ட முறை அது என்பதால், புதிது என்று முறையிடவும் வழியில்லை.

தட்டச்சுப் பொறி எழுத்தின் வடிவத்தை அச்சிடுவது. 'கொ' வேண்டுமென்றால் கொம்பு, ககரம், கால் என்று கண்ணில் படும் வரிசையில் விரல் போகும். தமிழ்99-இல் ககரத்தையும் ஒகரத்தையும் அடித்தால் போதும். உயிர் இடக்கையில், வ, ங தவிர மற்ற மெய் வலக்கையில். மூலப்படியை வாய்க்குள் வாசித்தபடி அடித்தால் இந்த வரிசை விரைவிலேயே படிந்துவிடும்.

உண்மையில் வேகத்தைத் தீர்மானிப்பது மெய்யெழுத்தின் மேல் இடும் புள்ளிதான். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற இணைகளுக்கும் அப்படியே. பொறியில் பழகியவர் அங்கும் புள்ளி விசையைத் தட்டுவார். அதனால் திரையில் பிழை எதுவும் தெரியாது, ஆனால் சொல்லுக்குச் சொல் ஒரு தட்டு வீணாகும். பிழை காட்டாத பழக்கம் என்பதால் யாரும் அதைத் திருத்திக்கொள்வதில்லை. என் பார்வையில் பலர் வேகத்தில் தேங்கி நிற்பது இதனால்தான். 'ததும்பும்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்: த, அ, த, உ, ம, ப, உ, ம, புள்ளி. முதல் தகரத்துக்குப் பின் அகரத்தை அடிக்காவிட்டால் 'த்து' ஆகிவிடும்; நடுவில் 'ம்பு' தானாக அமையும்; இறுதி மகரத்துக்கு மட்டும் புள்ளியை நாமே இட வேண்டும். மூன்று விதிகளும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருப்பதால், வாக்கியங்களுக்குப் போகுமுன் லலிதா, மமதை, தங்கம், பஞ்சு, கன்று என்று இத்தகைய சொற்களையே சலிக்கச் சலிக்க அடித்துப் பழகுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- பழைய முறையைக் கணினியிலிருந்தே நீக்கிவிடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகுவது சிலருக்கு வாய்க்கலாம். என்னைப் போல் எளிதில் குழம்புகிறவர்களுக்கு அது ஆகாது.
- விசைகளின் மீது எழுத்து ஒட்டாதீர்கள். கண் கீழேயே தங்கிவிடும்.
- ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் ஷிப்டுடன் மேல்வரிசையின் இடக்கோடியில் வரிசையாக உள்ளன.
- ழகரம் வலச் சுண்டுவிரலுக்குக் கீழ்வரிசையில் இருக்கிறது. 'தமிழ்', 'எழுத்து' இல்லாத தேர்வுப் பத்தி அரிது என்பதால் அந்த விரலுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

தேர்வறையில் அமர்ந்ததும் அ, ம, ம, ஆ என்று அடித்துப் பாருங்கள். 'அம்மா' என்று வராமல் 'அமமா' என்று வந்தால் அந்தக் கணினியின் மென்பொருளில் தானாகப் புள்ளி இடும் வசதி இல்லை என்று பொருள்; நேரக் கணக்கு தொடங்கும் முன்பே கண்காணிப்பாளரிடம் சொல்லி வேறு இருக்கை கேளுங்கள்.