கடன் இருந்தும் கிளியரன்ஸ் கிடைத்த கதை

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலை ஒன்று கிடைத்து, சீக்ரெட் கிளியரன்ஸுக்காக, அதாவது அரசின் ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதிக்காக, எஸ்.எஃப்-86 என்ற பின்னணி விசாரணைப் படிவத்தை நிரப்பச் சொன்னபோது என் பெயரில் இரண்டு பாக்கிகள் கலெக்‌ஷன் ஏஜென்சிக்கு (நிலுவைக் கடனை வசூலிக்கும் நிறுவனம்) போயிருந்தன. பழைய வேலை போனதும் இன்சூரன்ஸும் கூடவே போய்விட்டது, அந்த நேரம் பார்த்துத்தான் மனைவிக்கு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி பில் ஒன்று, வீட்டுச் செலவுக்குத் தேய்த்த கிரெடிட் கார்டு ஒன்று. இந்தியாவில் பிறந்து குடியுரிமை வாங்கியவன், அப்பா அம்மா இன்னும் ஊரில், அதில்தான் இடிக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். கடைசியில் என்னிடம் அதிகம் கேட்டது பணத்தைப் பற்றித்தான்.

தெரிந்தவர் ஒருவர், நல்ல மனிதர், "ஆஸ்பத்திரி பில்லை எல்லாம் எழுதாதீங்க, கொஞ்ச நாள்ல கிரெடிட் ரிப்போர்ட்லேர்ந்து தானா போயிடும்" என்றார். படிவத்தின் 26ஆம் பிரிவைப் படித்தால் அப்படி விட வழியே இல்லை. கடந்த 7 வருடங்களில் கலெக்‌ஷனுக்குப் போனது எது, இப்போது 120 நாளுக்கு மேல் நிலுவையில் இருப்பது எது என்று நேராகவே கேட்கிறார்கள். நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனும் கணக்கில் வரும். தெரிந்தே பொய் எழுதினால் 5 வருடம் வரை சிறை.

நம் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மூன்று கிரெடிட் நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் இலவசமாக எடுத்து வைத்துக்கொண்டுதான் நிரப்ப உட்கார்ந்தேன். அப்புறம், முடிவெடுப்பவர்கள் பார்க்கும் 13 வழிகாட்டு நெறிகளைத் தேடிப் படித்தேன், இப்போதிருப்பவை 2017 ஜூனில் அமலுக்கு வந்தவை. பணத்துக்கு எஃப் பிரிவு. இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் கிடையாது என்று அதில் எங்கும் இல்லை. வேலையிழப்பு, மருத்துவ அவசரம், விவாகரத்து மாதிரி நம் கைமீறிய காரணமா, அதற்குப் பிறகு பொறுப்பாக நடந்துகொண்டாயா என்றுதான் பார்க்கிறது. மறைத்தால் விவகாரம் நடத்தையைப் பற்றிய ஈ பிரிவுக்குப் போய்விடும். ஒப்பந்த ஊழியர்களின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் டோஹா (DOHA) என்ற பாதுகாப்புத் துறை அலுவலகம் தன் முடிவுகளைப் பெயர் நீக்கி இணையத்தில் போடுகிறது. தூக்கம் வராத ராத்திரிகளில் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். கடனுக்குச் சமாதானம் சொல்ல முடிந்தும், படிவத்தில் 'இல்லை' என்று போட்டதற்குச் சொல்ல முடியாமல் மாட்டிக்கொண்டவர்களைப் பார்க்கலாம்.

நான் இரண்டையும் எழுதினேன். கார்டு கம்பெனியோடு பேசி மாதத் தவணை போட்டுக்கொண்டு, படிவம் அனுப்பும் முன்பே கட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

நேர்காணலுக்கு வந்த விசாரணை அதிகாரி தன்மையானவர்தான், ஆனால் எதையும் விடவில்லை. என் ரிப்போர்ட்டில் ஒரே ஆஸ்பத்திரி பில் இரண்டு இடத்தில், இரண்டு பெயரில் இருந்தது. முதல் ஏஜென்சி அந்தக் கடனை இன்னொன்றுக்கு விற்றிருந்தது. அவர் பேனாவால் இரண்டாவது வரியைத் தட்டி, "இது எழுதவில்லையே?" என்றார். அசல் பில்லின் கணக்கு எண்ணும், கடன் கைமாறியதைச் சொல்லும் கடிதமும் ஃபைலில் இருந்ததால் பிழைத்தேன். அடுத்து, வெளிநாட்டில் யாருக்காவது பணம் தர வேண்டுமா என்றார். மதுரைச் சித்தப்பா கொடுத்த தொகை எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது. சொன்னேன். அவர் என்ன வேலை பார்த்தார், வட்டி உண்டா, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா, எப்போது திருப்பித் தருவாய் என்று நீண்டது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வட்டி கிடையாது, எழுத்திலும் இல்லை என்றேன். சித்தப்பாவிடம் கடன் வாங்கும்போது நாம் எழுதிக்கொள்வதில்லை என்பதை அந்த அதிகாரிக்கு விளக்குவது, சும்மா சொல்லக்கூடாது, கஷ்டம்தான்.

பிறகு எழுத்தில் சில கேள்விகள் வந்தன. தவணை ரசீதுகள், வரவு செலவுக் கணக்கு கேட்டார்கள். அனுப்பினேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு கிளியரன்ஸ் வந்துவிட்டதாக அலுவலகப் பாதுகாப்பு அதிகாரி சொன்னார், அதே மூச்சில் இனி எந்தக் கடனாவது 120 நாளைத் தாண்டினால் நானாகவே வந்து தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னார். கார்டு பாக்கியின் கடைசித் தவணை கட்டியதும் வந்த கடிதத்தின் நகலை அவருக்கே அனுப்பிவிட்டேன். சித்தப்பா கணக்கு இன்னும் ஓடுகிறது.