மூலையில் விரித்த சாக்கு

"அண்ணே, நீங்க போட்ட ட்ரை பத்தி எழுதுங்க" என்றார் மலர்க் குழுத் தம்பி. மூன்று பருவம் பாடசாலை ரகர் (ரக்பி) அணியில் ஃபுல் பேக்காக, எல்லோருக்கும் பின்னால் கடைசிக் காவலாக, நின்றவன் நான். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால்தான் ட்ரை; நான் போட்டது இரண்டே இரண்டு. ஆகவே உதையைப் பற்றித்தான் எழுத முடியும்.

ஹட்டனிலிருந்து விடுதிக்கு வந்து சேர்ந்தபோது, பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவதுதான் ரகர் என்று நினைத்திருந்தேன். கண்டிக்காரருக்கோ அது ஊர் விளையாட்டு. 1891இல் கிங்ஸ்வூட்டில் தொடங்கிய கதையும், 1906இல் கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் மோதிய முதல் பாடசாலை ஆட்டத்தின் கதையும் விடுதிச் சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழும். கைக்கு வந்த பந்தை உதைத்து எதிராளியிடம் கொடுப்பது, ஆக்கிய சோற்றைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவது போலிருந்தது எனக்கு.

கோச் சேரிடம் அப்படியே சொல்லியும்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டு போய், மைதான மூலையில், பக்கவாட்டு எல்லையான டச் கோட்டுக்கு ஐந்து யார் (கஜம்) உள்ளே ஓர் அரிசிச் சாக்கை விரித்தார். நடுக்கோட்டிலிருந்து உதைக்கும் பந்து சாக்கில் விழுந்து, குதித்து, வெளியே உருள வேண்டும். முப்பது உதை முடியாமல் தேநீர் கிடையாது. ஜூலை மழையில் ஊறிய தோல் பந்து உரிக்காத தேங்காய் மாதிரி கனக்கும். முதல் வாரம் சாக்கு நனைந்தது மழையில் மட்டும்தான்.

"பந்தைப் பார்க்காதே, விங்கரைப் பார்" என்பார். எதிரணியில் கோட்டோரம் நிற்கும் விங்கர் முன்வரிசைக்கு ஏறி நின்றால் அவன் முதுகுக்குப் பின்னால் நிலம் காலி, அங்கே உதை. அவன் பின்வாங்கி நின்றால் முன்னே ஓர் ஆள் குறைவு, அப்போது கையால் கடத்து. பந்தை உயர அடித்தால் துரத்துகிறவர்கள் வந்து சேர நேரம் கிடைக்கும். ஆனால் உதைத்தவனுக்குப் பின்னாலிருந்து ஒரே வரிசையாக ஓட வேண்டும். ஒருத்தன் பிந்தினாலும் அந்தச் சந்துக்குள்ளால் எதிராளி புகுந்துவிடுவான்.

இவ்வளவும் படித்தவன்தான் 1974இல் கண்டி போகம்பறை மைதானத்தில் அந்தக் காரியத்தைச் செய்தேன். 10–9 என்று நாங்கள் முன்னிலை. கடைசி நிமிடங்கள், நல்ல மழை. எங்கள் இருபத்தைந்து யார் கோட்டருகே பந்தைப் பிடித்து, வாழ்நாளிலேயே நீளமான உதையை உதைத்தேன். நடுக்கோட்டையும் தாண்டி நேரே வெளியே போனது. நம் பொடியன்கள் குடைகளை வீசினார்கள். கோட்டோர நடுவரான டச் ஜட்ஜ் மட்டும் கொடியோடு என்னை நோக்கி நடந்து வந்துகொண்டே இருந்தார். என் கால் அந்த இருபத்தைந்து யார் கோட்டுக்கு ஓரடி முன்னால் இருந்திருக்கிறது. அங்கிருந்து தரையில் படாமல் வெளியே அடித்தால், உதைத்த இடத்துக்கு நேரேதான் லைன் அவுட், அதாவது எதிரணி பந்தை உள்ளே எறிவது. அவர்கள் எறிந்தார்கள், தள்ளினார்கள், ட்ரை போட்டார்கள். 13–10.

முன்பெல்லாம் அப்படியொரு தடையே இல்லை. 1963இல் மர்ரேஃபீல்டில் வேல்ஸ் அணித் தலைவர் கிளைவ் ரோலண்ட்ஸ் பந்தை வெளியே அடித்துக்கொண்டே இருந்து ஸ்கொட்லாந்தை 6–0 என்று வென்றார். அன்று மட்டும் 111 லைன் அவுட்! சட்டம் அதன் பிறகு இறுகியது. மனிதர் கொஞ்சம் அடக்கி அடித்திருந்தால் நான் தப்பியிருப்பேன் என்று இன்றைக்கும் ஒரு கோபம்.

2021இல் 50:22 விதி பரீட்சார்த்தமாக வந்தது. சொந்தப் பாதியிலிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு எதிரணியின் 22 மீட்டர் பகுதிக்குள் வெளியேறினால், எறிவது உதைத்த அணியே. அதற்குப் பயந்து விங்கர் பின்னால் நிற்க, முன்வரிசை மெலியும்.

போன குளிர்காலம் லண்டன் ட்விக்கன்ஹாமில் அப்படியொரு உதையைப் பார்த்தேன். பந்து மூலையில் விழுந்து, குதித்து, கோட்டைக் கடந்தது. அரங்கமே எழுந்து நின்றது. பக்கத்தில் இருந்த, நம் அணியில் அன்று ஸ்க்ரம் ஹாஃபாக ஆடியவன் எழும்பவில்லை. கம்பளிக் கையுறையைக் கழற்றி என் முழங்காலில் தட்டினான்.

"சாக்கு மேலே விழுந்திச்சு மச்சான்."