செல்களுக்கு இடையில் இருப்பது

மருத்துவக் கல்லூரி ஒன்றின் நோயியல் ஆய்வகத்தில், திசுக்களை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் நான்கைந்து மைக்ரான் தடிமனுக்குச் சீவி, சாயமேற்றிக் கொடுப்பது என் வேலை. உடலின் பாகங்களைப் பிணைத்துத் தாங்கும் இணைப்புத் திசுவின் வகைகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன் என்றாலும், அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்பதைப் பிளேடு வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

சேர்ந்த முதல் மாதத்தில் மார்பகத் திசு ஒன்றைச் சீவிப் பார்த்தபோது, ஸ்லைடு முழுவதும் மீன்வலை விரித்தாற்போல ஓட்டைகளாக இருந்தது. கெடுத்துவிட்டேன் என்ற பயத்தோடு மூத்த நுட்புநரிடம் காட்டினேன். “நீ ஒண்ணும் கெடுக்கலை தம்பி. கொழுப்பெல்லாம் சைலீன்ல கரைஞ்சு போச்சு, செல்லோட ஓரம்தான் மிச்சம்” என்றார் அக்கா. கொழுப்பையே பார்க்க வேண்டுமென்றால், மெழுகில் பதிக்கும் முன் திசுவை ஊறவைக்கும் ஆல்கஹாலுக்கும் சைலீனுக்கும் காட்டாமல், உறையவைத்துச் சீவி, ஆயில் ரெட் ஓ சாயம் ஏற்ற வேண்டும்.

கொழுப்புத் திசு ஒரு விதிவிலக்கு. அதில் இடத்தை அடைப்பவை செல்கள். மற்ற பெரும்பாலான இணைப்புத் திசுக்களில் செல்கள் சிதறிக் கிடக்க, அவற்றுக்கு இடையிலுள்ள தளப்பொருளே திசுவின் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் சுரக்கும் கொலாஜன், எலாஸ்டின் இழைகளும், அவற்றைச் சூழ்ந்து நீரைப் பிடித்துவைக்கும் கூழ் போன்ற பொருளும் சேர்ந்ததே அது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணில் கொலாஜன் கற்றைகள் ஒரே திசையில் நெருக்கமாக ஓட, ஃபைப்ரோபிளாஸ்டுகள் அவற்றின் நடுவே நசுங்கி வரிசையாக நிற்கும். தோலின் அடியடுக்கிலோ, இழுவிசை எல்லாப் பக்கமிருந்தும் வருவதால், அதே கற்றைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். நம் ஊரில் தசைநாண், எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார், இரத்தக்குழாய் எல்லாவற்றையும் ‘நரம்பு’ என்றே சொல்லிவிடுகிறோம். ஸ்லைடில் அந்த மயக்கத்துக்கு இடமில்லை.

கொலாஜன் என்ற பெயர் பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தச்சர்கள் காய்ச்சிப் பூசும் வஜ்ஜிரமும், ஆறிய ஆட்டுக்கால் சூப் கட்டிப்படுவதும் இந்தக் கொலாஜன் வெந்து ஜெலட்டினாக மாறியதன் விளைவுதான்.

வழக்கமான ஹிமட்டாக்சிலின், இயோசின் சாயத்தில் கொலாஜனும் தசையும் ஒரே இளஞ்சிவப்பாகத் தெரிவதால், ஐயம் வரும்போது மருத்துவர்கள் மேசன் டிரைக்ரோம் என்ற சாயமுறையைக் கேட்பார்கள். அதில் தசை சிவப்பாகவும், அனிலின் நீலம் பயன்படுத்தினால் கொலாஜன் நீலமாகவும் பிரிந்து நிற்கும். சுருங்கிக் கெட்டிப்பட்ட கல்லீரலின் துண்டொன்றில், நீலப் பட்டைகள் செல்கூட்டங்களைத் தீவுகளாகச் சுற்றி வளைத்திருந்ததைக் கண்டபோது, உறுப்பைத் தாங்கவேண்டிய சட்டகமே மிகுந்துபோனால் உறுப்பை நெரிக்கும் என்பது எனக்கு உறைத்தது. பெருந்தமனிச் சுவரில் எலாஸ்டின் கறுப்பு அலைகளாகத் தெரியும் வெர்ஹோஃப் சாயமும் அழகுதான் என்றாலும், எனக்கு டிரைக்ரோமின் மேல்தான் பிரியம்.

இரத்தம் எப்படி இணைப்புத் திசுவாகும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கருவின் நடு அடுக்கான இடைப்படைதான் மற்ற இணைப்புத் திசுக்களைப் போல அதற்கும் பிறப்பிடம்; அதன் திரவப் பகுதியான பிளாஸ்மாதான் தளப்பொருள்; இழை மட்டும் ஃபைப்ரினோஜனாகக் கரைந்திருந்து, உறையும்போது ஃபைப்ரினாக வெளிப்படுகிறது.

என்னை அதிகம் சோதித்தது எலும்பு. சுண்ணாம்புச் சத்து நீங்கும்வரை அதை அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டு ஒருமுறை முன்கூட்டியே எடுத்துச் சீவியதில் பிளேடு பல்லுப்போய், ஸ்லைடின் குறுக்கே கோடுகள் விழுந்து, எல்லாவற்றையும் மறுபடி செய்ய நேர்ந்தது. அதன்பிறகு, ஊறிய அமிலத்தில் சிறிது எடுத்து, அதன் அமிலத்தன்மையை முறித்து, அம்மோனியம் ஆக்சலேட் விட்டு, சுண்ணாம்பு இன்னும் கரைந்து வருவதைக் காட்டும் கலங்கல் வரவில்லை என்று உறுதியான பிறகே துண்டைத் தொடுகிறேன். சுண்ணாம்பு முழுதும் போன எலும்பு, கொலாஜன் மட்டும் எஞ்சி, ரப்பர்போல வளையும். வார்டிலிருந்து தொலைபேசியில், “ஒரு சின்னத் துண்டுக்கு இத்தனை நாளா சார்?” என்று கேட்கிறார்கள். “இன்னும் கலங்குது சிஸ்டர்” என்று சொல்லி, அமிலத்தை மாற்றப் போகிறேன்.