ரிப்ளி: நூறு படிக்கு மேல் ஒரு பாதிரியார் வீடு

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் சின்சினாட்டிக்குப் போகிறவர்கள் கையில் கிடைக்கும் சுற்றுலாப் பட்டியல் எதிலும் ரிப்ளி முதல் பக்கத்தில் இருப்பதில்லை. பேஸ்பால் மைதானம் இருக்கும், சில்லி என்ற இறைச்சிக் குழம்பு விற்கும் கடைகள் இருக்கும். 2004இல் ஆற்றங்கரையில் திறந்த அடிமை விடுதலை அருங்காட்சியகமும் இருக்கும். அதைப் பார்த்ததோடு விஷயம் முடிந்தது என்று எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். விஷயம் நடந்த குன்று கிழக்கே 80 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆற்றைக் கடந்து தப்பி வந்த அடிமைகளுக்கு உதவிய ஜான் ராங்கின் என்ற பிரெஸ்பிடேரியன் சபைப் பாதிரியார், 19ஆம் நூற்றாண்டில் 44 வருடம் ஊழியம் செய்த ஊர் ரிப்ளி.

முதலில் காசு. ரிப்ளிக்கு ரயில் கிடையாது, நம்பிப் போகும்படி பேருந்தும் கிடையாது. செயலியில் டாக்சி பிடித்தால் போய்ச் சேரலாம். திரும்புவதுதான் பாடு, அந்தச் சின்ன ஊரில் வண்டி கிடைக்காது. காத்திருக்கச் சொன்னால் காத்திருப்புக்குத் தனி, காலியாகத் திரும்புவதற்குத் தனி என்று கணக்கு ஏறும். அநியாயம்தான், ஆனால் ஏறும் முன் பேசாவிட்டால் இறங்கும்போது வாதாடிப் பயனில்லை. இரண்டு பேர் இருந்தாலே ஒரு நாள் வாடகைக் கார் மலிவு. அதையும் விமான நிலையத்தில் எடுக்காமல் நகரத்துக் கிளையில் எடுங்கள், நிலையக் கூடுதல் கட்டணம் மிச்சம். கவுன்டரில் காப்பீட்டை வற்புறுத்துவார்கள். உங்கள் கிரெடிட் கார்டே அதைத் தருகிறதா என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

52ஆம் நெடுஞ்சாலை ஓஹியோ ஆற்றை ஒட்டியே போகிறது. வசந்த காலத்தில் வெள்ளம் வந்தால் சில இடங்களில் மூடிவிடுவார்கள். வழியில் மெல்டால் அணை வரும். அங்கே ஐந்து நிமிடம் நிறுத்துங்கள், அதைப் பார்க்காவிட்டால் ரிப்ளியில் ஆறு உங்களை ஏமாற்றிவிடும். இன்று அகலமாக, ஆழமாக, அசையாமல் கிடக்கும் ஓஹியோ ஆறு 1960களில் கட்டிய இந்த அணை தேக்கி வைத்தது. ராங்கின் காலத்தில் ஆறு ஒடுக்கம். கோடையில் மணல் திட்டுகள் தெரியும், கடுங்குளிரில் உறையும். தப்பி வந்தவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்ற கேள்விக்குப் பாதி பதில் இது.

மீதிப் பதில் எல்லைக்கோட்டில் இருக்கிறது. ஓஹியோவில் அடிமைமுறை இல்லை. 1787ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துவிட்டது. எதிர்க்கரையில் உள்ள கென்டக்கி மாநிலத்தில் உண்டு. ஆனால் எல்லை ஆற்றின் நடுவில் ஓடவில்லை. ஓஹியோ பக்கத்துத் தாழ்நீர்க் கரை வரை தண்ணீர் முழுக்கக் கென்டக்கிக்குச் சொந்தம். அதாவது கடைசி அடி வரை பிடிபடலாம். கரையேறினாலும் நிம்மதி இல்லை, பிடித்துக் கொண்டுபோகச் சட்டம் இருந்தது. 1850இல் அது இன்னும் கடுமையானது: உதவியவருக்கு 1000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. அதனால்தான் ராங்கின் வீட்டில் யாரையும் தங்கவைப்பதைவிட அன்றிரவே அடுத்த ஊருக்கு அனுப்பிவிடுவதில் குறியாக இருந்தார்கள். அந்த வேலை அவருடைய மகன்களுடையது. பிள்ளைகள் மொத்தம் 13 பேர்!

ராங்கின் 1793இல் டென்னசியில் பிறந்தவர். பிரசங்க மேடையில் அடிமைமுறையைக் கண்டித்ததும், இப்படியே பேசுவதானால் மாநிலத்தை விட்டுப் போய்விடு என்று சபையின் மூத்தவர்களே சொன்னார்கள். கென்டக்கியில் கார்லைல் ஊருக்கு வந்தார். அங்கே அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பள்ளியைக் கும்பல் கலைத்தது. 1822இன் தொடக்கத்தில் மனைவி ஜீனோடும் குழந்தைகளோடும் ஆற்றைக் கடந்து ரிப்ளி சேர்ந்தார். வர்ஜீனியாவில் தம்பி தாமஸ் அடிமைகளை வாங்கிய செய்தி வந்ததும், உள்ளூர்ப் பத்திரிகையில் அவருக்குக் கடிதங்களாக எழுதித் தள்ளினார். 1826இல் அது புத்தகமானது. தம்பி 1827இல் அடிமைகளை விடுவித்துவிட்டு ஓஹியோவுக்கே குடிவந்தார். சொந்தக்காரனை மாற்றிக் காட்டிய பிரசாரகர்கள் எத்தனை பேர் தேறுவார்கள்?

முதலில் ஆற்றங்கரைத் தெருவில்தான் குடியிருந்தார். அது அடிமைகளைத் தேடி வருகிறவர்கள் வேவு பார்க்க வசதியான இடம். 1820களின் கடைசியில் குன்றின் மேல் சின்னச் செங்கல் வீடு கட்டினார். மேலே போய் நின்றதும் காரணம் புரிந்துவிடும்: ஊர், ஆறு, எதிர்க்கரை மலை எல்லாம் ஒரே பார்வையில். இரவில் ஜன்னலில் வைத்த விளக்கு கென்டக்கி பக்கம் தெரியும் என்பது வழிவழியாக வரும் பேச்சு. தப்பியவர்களைப் பிடிக்க அலையும் அடிமை வேட்டைக்காரர்களுக்கும் அந்த வீடு தெரிந்தேதான் இருந்தது. 1841இல் ஆயுதத்தோடு ஒரு கும்பல் இரவில் தாக்க, பிள்ளைகள் துப்பாக்கியால் விரட்டினார்கள்.

ஏற இரண்டு வழி. ராங்கின் ஹில் சாலையில் கார் வீட்டு வாசல் வரை போகும். இன்னொன்று படிகள், நூறு என்பது வழக்குக் கணக்கு. இப்போது இருப்பவை திரும்பக் கட்டியவை. செங்குத்து, மழைக்குப் பின் இலைச் சருகு வழுக்கும், நல்ல பிடிப்புள்ள செருப்பு வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் கவலைப்படாமல் காரிலேயே போங்கள், காட்சி ஒன்றுதான். வீடு குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களிலும் எல்லா நாளும் திறப்பதில்லை. கிளம்பும் முன் போன் செய்யாமல் 80 கிலோமீட்டர் ஓட்டாதீர்கள். உள்ளே அறைகள் குறுகல், இத்தனை பேர் எங்கே படுத்தார்கள் என்றே தோன்றும்.

1838 பிப்ரவரியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு, உடைய ஆரம்பித்த பனிக்கட்டி மேல் ஆற்றைக் கடந்து இந்த வீட்டுக்குத்தான் வந்தாள். ராங்கின் வழியாக அந்தச் செய்தி எழுத்தாளர் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் குடும்பத்தை எட்டி, 1852இல் அவருடைய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் எலைசா என்ற பாத்திரம் ஆனது.

கீழே ஃப்ரண்ட் தெருவில் ஜான் பார்க்கர் வீட்டைத் தவறவிடாதீர்கள். ராங்கினைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. 1827இல் அடிமையாகப் பிறந்து, 1845இல் 1800 டாலர் கொடுத்துத் தன்னையே மீட்டுக்கொண்டவர். ரிப்ளியில் இரும்பு வார்ப்பாலை நடத்தினார், புகையிலை அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ராங்கின் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் வந்தவர்களைக் காப்பாற்றினார்கள். பார்க்கர் இரவில் படகை எடுத்துக்கொண்டு கென்டக்கிக்குள்ளேயே போய் அழைத்து வந்தார். பிடிபட்டால் யாருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சாப்பாட்டில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். சின்சினாட்டி சில்லி என்பது ஸ்பகெட்டி மேல் பட்டை வாசம் தூக்கும் மாட்டிறைச்சிக் குழம்பு, அதன் மேல் மலைபோல் செடார் சீஸ். ஒரு முறை போதும். எதிர்க்கரையில் கென்டக்கி ஊரான மேஸ்வில் போனால் டிரான்ஸ்பரன்ட் பை (pie) கேளுங்கள்: வெண்ணெய், சர்க்கரை, முட்டை, கிரீம் சேர்ந்த சின்ன இனிப்புப் பண்டம். தித்திப்புத் தாங்காது, ஆனாலும் இரண்டாவது வாங்கத் தோன்றும். மலிவுதான். அங்கிருந்து 1931இல் கட்டிய தொங்குபாலத்தில் கட்டணமில்லாமல் ஓஹியோ திரும்பலாம்.

நேரம் இருந்தால் ரிப்ளிக்கு வடக்கே ரெட் ஓக் கல் தேவாலயம், தப்பி வந்தவர்களை ராங்கினின் ஆட்கள் அடுத்து ஒப்படைத்த இடங்களில் ஒன்று. நேரம் இல்லையென்றால் ரிப்ளியில் இருக்கும் புகையிலை அருங்காட்சியகத்தை விடுங்கள், டிரான்ஸ்பரன்ட் பையை விடுங்கள். படியையும் பார்க்கர் வீட்டையும் விடாதீர்கள்.