குழாயடியில் தொடங்கிய தலைவலி

பள்ளியிலிருந்து கொடுக்கும் மாற்றுச் சான்றிதழில் மாணவரின் ஒழுக்கமும் பண்பும் எப்படி என்று கேட்கும் ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் ‘நன்று’ என்று எழுதிவிடுவோம். யாரேனும் ஒரு பிள்ளைக்கு ‘திருப்திகரம்’ என்று எழுதினால், அடுத்த பள்ளியில் அதை வாங்கிப் பார்க்கிறவர்களுக்கு அதன் பொருள் நன்றாகவே புரியும். இருபத்து மூன்று ஆண்டு ஆசிரியப் பணியில் அந்தச் சொல்லை நான் என் கையால் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன். எழுதியது தவறு என்று இன்று எனக்குத் தெரியும் என்பதால்தான் இந்தப் பதிவு.

அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளி. அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். காலைப் பாடவேளைகளில் கணக்குகளை எல்லோருக்கும் முன்பாக முடித்துவிட்டு நோட்டை மூடி வைத்திருப்பவன், பிற்பகலில் மேசையில் தலையைச் சாய்த்துவிடுவான். எழுப்பினால் முறைப்பான். ஆறாவது பாடவேளையில் அவனிடம் கேள்வி கேட்ட ஆசிரியர்கள் எல்லோரும் ஆசிரியர் அறையில் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: திமிர். வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. ஒருநாள் பின்பெஞ்சுப் பையன் ஒருவனின் நெற்றியில் ஜாமெட்ரி பாக்ஸால் அடித்துவிட்டான். இரண்டு தையல் போட வேண்டியிருந்தது. ஏன் அடித்தாய் என்று தலைமையாசிரியர், நான், உடற்கல்வி ஆசிரியர் மூவரும் மாறி மாறிக் கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தையும் திமிரின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டோம்.

சான்றிதழ் வாங்க வந்த அவனுடைய அம்மா, பிற்பகலில் அவன் தூங்குவதைப் பற்றி நான் குறையாகச் சொன்னபோது, சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவன் இங்க தண்ணி குடிக்க மாட்டான் டீச்சர். வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணியையும் அண்ணாந்து குடிச்சிட்டுத்தான் பேசவே செய்வான்” என்றார். ஏழாம் வகுப்பில் ஒருநாள் குழாயடியில் சில பையன்கள் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லி, அவன் பிடித்த குழாயைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் குடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து பள்ளி வளாகத்தில் அவன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. பாட்டிலில் கொண்டுவந்தால், ‘இவன் மட்டும் ஏன் கொண்டுவருகிறான்’ என்று கேட்பார்கள் என்பதால் அதுவும் இல்லை. தென்மாவட்ட வெயிலில் காலை எட்டரை மணி முதல் மாலை நாலரை மணி வரை, இரண்டரை ஆண்டுகள். தலைவலி வராமல் என்ன செய்யும்? அடிபட்ட பையன் அன்று என்ன சொல்லியிருந்தான் என்பதையும் அந்த அம்மாதான் சொன்னார். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

சான்றிதழ் அதற்குள் கையெழுத்தாகியிருந்தது.

நூறாண்டுக்கும் மேலாகிறது, சாத்தாராவில் ஒரு சிறுவன் தனக்கான கோணிச் சாக்கை வீட்டிலிருந்து எடுத்துப்போய் வகுப்பின் ஓரத்தில் விரித்து உட்கார்ந்தான். பள்ளிப் பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் அவனுக்குத் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தண்ணீர் இல்லை. அம்பேத்கர் தம் இளமையைப் பற்றித் தாமே எழுதிவைத்திருக்கும் செய்தி இது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. எங்கள் பள்ளிக் குழாயை யாரும் பூட்டவும் இல்லை. இருந்தும் அந்தப் பையன் தன் தாகத்துக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டான். பாகுபாடு பிள்ளைகளின் மனத்துக்குள் செய்யும் வேலையில் நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான்: ஒரு கட்டத்துக்குப் பிறகு, விரட்டுவதற்கு ஆள் தேவைப்படுவதில்லை.

அதன் பிறகுதான் இது பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவின் சான் டியாகோவில் உடல்பருமன் சிகிச்சை நடத்திவந்த வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர், எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போவது ஏன் என்று விசாரிக்கப்போய், அவர்களில் பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்பதைக் கண்டார். அந்தக் கேள்வி வளர்ந்து, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவருடன் சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய பெரிய ஆய்வாயிற்று. அடி, வசை, கவனிப்பாரற்று விடப்படுதல், தாய் அடிபடுவதைப் பார்த்தல், வீட்டில் குடிநோயாளி இருத்தல் போன்ற இளம்பருவத் துன்பங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டினார்கள். 1998இல் வெளியான முடிவுகளின்படி, நான்கு வகைத் துன்பங்களையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது.

ஆனால் அந்தக் கேள்விகள் அனைத்தும் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் மருத்துவக் காப்பீடு உள்ள, நடுத்தர வர்க்க வெள்ளையர்கள். தெருவிலோ பள்ளியிலோ பிறப்பின் பெயரால் அவமானப்பட்டாயா என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை. 2012-13இல் பிலடெல்ஃபியா நகரில் நடந்த கணக்கெடுப்புதான் இனப்பாகுபாடு, சக மாணவர்களின் சீண்டல், பாதுகாப்பற்ற தெரு ஆகியவற்றையும் பட்டியலில் சேர்த்தது. நம் ஊரில் இப்படியொரு பட்டியல் போட்டால் அதன் முதல் வரியில் எது இருக்க வேண்டும் என்று தென்மாவட்டப் பள்ளி எதிலாவது ஒரு வாரம் வேலை பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உடம்புக்குள் நடப்பதை என் மொழியில் சொல்கிறேன். நாய் துரத்தும்போது நெஞ்சு படபடத்து, கார்டிசால் போன்ற சுரப்புகள் கூடி, ஓடவோ எதிர்க்கவோ உடம்பு தயாராகிறது. நாய் போனதும் தணிகிறது. நாய் போகவே இல்லை என்றால்? தினமும் காலை மணியடித்ததும் அது வாசலில் நிற்கிறது என்றால்? அப்போது அந்தத் தயார்நிலையே பிள்ளையின் இயல்பாகிவிடுகிறது. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப்பகுதி எப்போதும் விழித்திருக்க, நிதானித்து யோசிப்பதற்கும் பாடத்தை நினைவில் நிறுத்துவதற்கும் உரிய பகுதிகள் பின்தங்குகின்றன. முதுகுக்குப் பின்னால் பெஞ்சு நகர்ந்தால் திடுக்கிட்டுத் திரும்புவது, சாதாரணமாகப் பார்த்தவனைக்கூட ‘என்ன பார்க்கிறாய்’ என்று பாய்வது, எதற்கும் அசையாமல் மரத்துப்போய் உட்கார்ந்திருப்பது எல்லாம் ஒரே வேரிலிருந்து வருபவை. வகுப்பில் நாம் தண்டிப்பது பெரும்பாலும் இந்த மூன்றையும்தான்.

படிப்பை இது எப்படித் தொடுகிறது என்பதற்குக் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமமொன்றில் செய்த சோதனையைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. மேல்சாதி எனப்படுவோரிலிருந்து 321, ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து 321 எனப் பள்ளிச் சிறுவர்களை அழைத்து, காகிதத்தில் வரைந்த புதிர்வழிகளைத் தீர்க்கச் சொல்லி, தீர்த்ததற்கேற்பப் பணம் கொடுத்தார்கள். சாதியைப் பற்றிப் பேச்செடுக்காதபோது இரு தரப்பும் சமமாகவே தீர்த்தார்கள். தொடங்கும் முன் ஒவ்வொருவனுடைய பெயரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. அதே ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள்தாம், அதே புதிர்தான். உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பில் சாதிவாரியாகக் கைதூக்கச் சொல்லும் வழக்கத்தை நானும் பல ஆண்டுகள் யோசிக்காமல் செய்திருக்கிறேன். இப்போது விவரத்தைப் பதிவேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்; ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

2023 ஆகஸ்ட் மாதம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, அவருடன் பள்ளியில் படித்தவர்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அந்த மாணவர் அதற்கு முன்பே பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். விசாரித்த பிறகுதான் தன்னைத் துன்புறுத்தியவர்களைப் பற்றிச் சொன்னார். சொன்னதற்குப் பதிலாக வந்ததுதான் அரிவாள். நம் பிள்ளைகள் ஏன் எதையும் சொல்வதில்லை என்று கேட்கிறவர்கள் இந்த வரிசையை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் அவர் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். எல்லோரும் பாராட்டினோம்; நானும் கண்கலங்கினேன். ஆனால் வெட்டுப்பட்டும் எழுந்து நிற்பவரின் மன உறுதியைப் புகழ்ந்துவிட்டு, அந்த உறுதி தேவைப்படும் பள்ளியை அப்படியே விட்டுவிடுவது நியாயமில்லை.

வெட்டியவர்களும் பதின்வயதுப் பிள்ளைகள் என்பதை நான் மறக்கவில்லை. கையில் எந்த நிறக் கயிறு, யாருடைய படம் போட்ட பனியன், எந்தத் தெருவுக்குள் சைக்கிளில் போகலாம் என்பதையெல்லாம் அவர்களுக்குப் பத்து வயதிலேயே ஊர் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அவர்களிலும் பலருக்கு வீட்டில் குடி, அடி, வேலையில்லாத அண்ணன். மதிப்பு என்று கையில் கொடுக்கப்பட்டது சாதி ஒன்றுதான். இதுவும் ஒரு பிள்ளைக்குச் செய்யும் கேடுதான். இரண்டு கேடும் சமம் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்: ஒருவனுக்கு நாங்கள் கொடுத்தது கயிறு, இன்னொருவனுக்குக் கொடுத்தது தாகம்.

அந்தச் சம்பவத்துக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்கும் நெற்றிக் குறிகளுக்கும் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை நீக்குதல், பெரிய பள்ளிகளுக்கு மாணவர் நலனுக்கென்றே ஓர் அலுவலர் என்று அதில் நல்ல பரிந்துரைகள் பல உண்டு. கயிறு பற்றித்தான் ஊரெல்லாம் விவாதித்தார்கள். எனக்கு அந்த அலுவலர்தான் முக்கியமாகப் பட்டது. பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடுவதற்கான ‘மாணவர் மனசு’ பெட்டி எங்கள் பள்ளியிலும் இருக்கிறது. தலைமையாசிரியர் அறை வாசலில், வராந்தாவில் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும்படி. அதில் சீட்டுப் போடப் போகிறவன் யாரென்று அடுத்த மணியடிப்பதற்குள் வகுப்புக்கே தெரிந்துவிடும்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னர், வறுமையும் வீட்டுச் சண்டையும் சூழ வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்லபடியாக வளர்ந்து நின்றதைக் கண்டார். அப்படி நின்றவர்களின் வாழ்க்கையில் பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, விடாமல் கவனித்த ஒரு பெரியவராவது இருந்தார். என் ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு அந்த ஒருவராக நான் இருந்திருக்க முடியும். அவன் குழாயடிக்குப் போவதே இல்லை என்பதை இரண்டு இடைவேளை நின்று பார்த்திருந்தாலே கண்டுபிடித்திருக்கலாம்.

ஆகவே இப்போது காலை இடைவேளையில் டீ குடிக்க ஆசிரியர் அறைக்குப் போவதில்லை. குழாயடி வேப்பமரத்தின் கீழ் நிற்கிறேன். முதலில் பிள்ளைகள் கூச்சப்பட்டார்கள், இப்போது பழகிவிட்டது. சென்ற வியாழக்கிழமை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி காலி பாட்டிலோடு வந்து, வரிசையில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி நடந்தாள். கூப்பிட்டேன். பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “தாகமில்ல டீச்சர்” என்றாள். அவள் உதடு வெடித்திருந்தது. நாளை மாலை பள்ளி விட்டதும் அவளோடு வீடு வரை நடந்துபோய் அவளுடைய அம்மாவைப் பார்க்கப் போகிறேன்.