சீட்டில் இருந்த ஒரு சொல்

11ஆவது வாரத்தில் ஸ்கேன் எடுத்த மருத்துவர் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, "துடிப்பு இல்லை, வெளியே உட்காருங்கள்" என்றார். அதைவிட நெடுநாள் என்னை வருத்தியது, சீட்டில் எழுதப்பட்டிருந்த 'மிஸ்டு அபார்ஷன்' என்னும் சொல். வளர்ச்சி நின்றுபோன கரு, வெளியேறாமல் கருப்பையிலேயே தங்கிவிடுவதற்கு மருத்துவர்கள் வழங்கும் பெயர் அது; ஆனால் நம் வீடுகளில் பலருக்கு அபார்ஷன் என்றால் விரும்பிச் செய்துகொண்ட கருக்கலைப்புதான். சீட்டைப் பார்த்த என் மாமியார், "எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அம்மா" என்றபோது, அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கே எதுவும் தெரிந்திருக்கவில்லை.

முதல் மூன்று மாதங்களில் நேரும் கருச்சிதைவுகளில் ஏறத்தாழப் பாதிக்குக் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம், நான் மாடிப்படி ஏறியதோ பப்பாளி தின்றதோ அல்ல என்று எவரேனும் அன்றே சொல்லியிருந்தால், மாதக்கணக்கில் என்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு தவித்திருக்க மாட்டேன். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டப்படி எனக்கிருந்த 6 வார ஊதிய விடுப்பைப் பற்றியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு, பிரசவித்த தாய்மார்கள் இருந்த அதே வார்டில் படுத்திருந்தேன். பச்சிளங்குழந்தைகளின் அழுகையைக் கேட்டு நான் சுவர்ப்பக்கம் திரும்பியதைக் கவனித்த ஒரு செவிலியர் மட்டும், அருகில் வந்து அமர்ந்து, "நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை அம்மா, அழ வேண்டுமென்றால் அழுங்கள்" என்றார்.