கடன் கொடுத்த சொல்

ஆங்கிலத்தில் 'கோ' என்பதன் இறந்தகாலம் 'வென்ட்'. மனப்பாடம் செய்ததோடு சரி, ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

'வெண்டு' என்றொரு பழைய வினை இருக்கிறது. முதலில் 'திரும்பு' என்று பொருள், அப்புறம் 'செல்' என்றும் ஆனது. அதன் இறந்தகாலம்தான் 'வென்ட்'! 'கோ'வின் சொந்த இறந்தகாலம் வழக்கொழிய, 15ஆம் நூற்றாண்டு வாக்கில் இது அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. பாவம் 'வெண்டு', தனக்கென்று 'வெண்டெட்' என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது.

இன்று 'வெண்டு' பெரும்பாலும் 'வே' (வழி) என்ற சொல்லோடுதான் வரும். 'ஷீ வெண்டெட் ஹெர் வே ஹோம்' என்றால் வெறுமனே வீட்டுக்குப் போனாள் என்றல்ல. அவசரமில்லாமல், வளைந்து திரும்பிப் போனாள். அந்த நடையே சொல்லுக்குள் இருக்கிறது. எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது.